ஸ்கானா, ஸ்கோனா? அப்புறம் அதை எப்படித்தான் சாப்பிடுவது?

ஆங்கிலத்தில் scone என்று எழுதும், பிரிட்டனில் டீயோடு ஜாமும் க்ரீமும் தடவிச் சாப்பிடும் சின்ன ரொட்டியைப் பற்றி நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. ஆபீஸில் "ஸ்கோன்" என்று சொன்னதும் ஒருவர் "ஸ்கான்" என்று திருத்தினார், அடுத்த மேஜைக்காரர் "இல்லவே இல்லை, ஸ்கோன்தான்" என்றார், இதில் எது சரி. ஜாமை முதலில் தடவுவதா, க்ரீமையா. வீட்டில் செய்து பார்த்தால் கல் மாதிரி வருகிறதே, ஏன். தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், டேமர் ஆற்றுக்கு இந்தக் கரையில், ஒரு சின்னத் தேநீர்க் கடையின் சமையலறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஆற்றைத் தாண்டினால் அந்தப் பக்கம் கார்ன்வால். அதனால் இந்த மூன்றையும் தினமும் காதால் கேட்டு, கையால் செய்து பழகியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இந்தப் பண்டம் ஆப்பம் மாதிரி. சட்டியை விட்டு எடுத்த கொஞ்ச நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். சூடு முழுக்க ஆறி, மறுநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்கானை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "இதில் என்ன இருக்கிறது, வறண்டு போன பன்" என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வதில் தப்பில்லை, ஆனால் அவர்கள் இன்னும் ஸ்கானைச் சாப்பிடவில்லை. கீழே சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

சரி, முதலில் பெயர். இரண்டு உச்சரிப்பும் சரி, நல்ல அகராதிகள் இரண்டையும் தருகின்றன. ஆங்கில உச்சரிப்பு அகராதி தொகுத்த ஜான் வெல்ஸ் பிரிட்டிஷ்காரர்களிடம் கேட்டபோது 65 சதவீதம் பேர் ஸ்கான் என்றார்கள், 35 சதவீதம் பேர் ஸ்கோன் என்றார்கள். ஆனால் எந்த ஊரில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய எல்லோரும் ஸ்கான். வட அயர்லாந்திலும், நியூகாசில், லங்காஸ்டர் பக்கம் வட இங்கிலாந்திலும் அப்படியே. இங்கிலாந்தின் நடுப்பகுதிக்கு வந்தாலும், அயர்லாந்தின் தெற்கே போனாலும் ஸ்கோன்காரர்கள் கை ஓங்குகிறது. லண்டனையும் சேர்த்துத் தென் இங்கிலாந்தில் இரண்டும் கலந்து கிடக்கிறது, ஒரே வீட்டில் அப்பா ஒரு மாதிரியும் அம்மா ஒரு மாதிரியும் சொல்வார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைபேசிச் செயலி வழியாக மக்களிடம் கேட்டு இதை ஒரு வரைபடமாகவே போட்டிருக்கிறார்கள், வடக்கே ஒரு நிறம், நடுவில் வேறு நிறம், தெற்கே கலவை. கடல் தாண்டினால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்காரர்கள் ஸ்கான், அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஸ்கோன். ஆக உங்களைத் திருத்திய இரண்டு பேரும் தங்கள் வீட்டில் கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எழுத்தைப் பார்த்து முடிவு செய்யலாமே என்று தோன்றும். அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் எலும்பைக் குறிக்கும் "போன்", போய்விட்டதைச் சொல்லும் "கான்", முடிந்தது என்பதற்கான "டன்", இந்த மூன்று சொல்லும் அதே ஓ, என், ஈ எழுத்துகளில்தான் முடிகின்றன, மூன்றையும் மூன்று விதமாகச் சொல்கிறோம். ஸ்கான் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று எழுத்து சொல்லாது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஸ்கான் என்று நான் எழுதினாலும் அது நம் "ஆ" அல்ல. காபி, டாக்டர், பாக்ஸ் என்று நாம் ஆ போட்டு எழுதும் சொற்களை பிரிட்டிஷ்காரர் வாயில் கேட்டுப் பாருங்கள், உதட்டைக் குவித்துக் குட்டையாக ஒரு ஒலி வரும். "கொன்றை" என்று சொல்லும்போது "கொ"வில் உதடு குவிகிறதே, அதைவிட வாயைக் கொஞ்சம் அதிகம் திறந்து, அதே அளவு குட்டையாகச் சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும். நீட்டினால் மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேன் பற்றிப் பேசுவதாக எதிரில் இருப்பவர் நினைக்கக்கூடும், எனக்கு இது இரண்டு தடவை நடந்தது. ஸ்கோனும் அப்படித்தான். தென் இங்கிலாந்துக்காரர் சொல்லும் "ஓ" நம் "கோயில்" ஓ மாதிரி ஒரே இடத்தில் நிற்காது, அகரம் போல ஒன்றில் தொடங்கி உகரத்தில் போய் முடியும். அவ்வளவு துல்லியம் தேவையில்லை, நம் ஓகாரத்தோடு சொன்னாலும் எல்லோருக்கும் புரியும்.

எது பழையது என்று கேட்டால் நான் ஸ்கான் பக்கம் சாய்வேன். இந்தச் சொல் எழுத்தில் முதலில் கிடைப்பது 1513இல், கவின் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர், பழைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் எனீயிட் காவியத்தை ஸ்காட்ஸ் மொழியில் பெயர்த்தபோது. அவர் அதை நடுவில் "ன்" எழுத்தை இரட்டித்து, "ஸ்கொன்னிஸ்" என்பது போல எழுதியிருக்கிறார். இரட்டித்த மெய்க்கு முன்னால் உயிர் குறுகி ஒலிப்பது அந்த எழுத்துமுறையின் வழக்கம். சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. நல்ல வெள்ளை ரொட்டியைக் குறித்த டச்சு மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு தரப்பு, உருவமில்லாத கட்டியைக் குறிக்கும் கேலிக் மொழிச் சொல் என்பது இன்னொரு தரப்பு. எப்படிப் பார்த்தாலும் இந்தப் பண்டம் நிலைத்தது ஸ்காட்லாந்தில். அங்கே இன்றைக்கும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வது எனக்குப் போதுமான சாட்சி. அதனால் நான் ஸ்கான் என்கிறேன், இந்தப் பதிலிலும் அப்படியே எழுதுகிறேன். நீங்கள் ஸ்கோன் என்றே சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் பெர்த் நகருக்குப் பக்கத்தில் இதே எழுத்துகளில் ஒரு ஊர் இருக்கிறது, அரண்மனையும் இருக்கிறது. ஸ்காட்லாந்து அரசர்கள் முடிசூடிய கல் அங்கேதான் இருந்தது, 1296இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் அதை எடுத்துக்கொண்டு போனார், 700 வருஷம் கழித்து 1996இல்தான் திரும்பி வந்தது, 2024 முதல் பெர்த் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த ஊரின் பெயர் "ஸ்கூன்". பண்டத்தை ஸ்கூன் என்று யாரும் சொல்வதில்லை, ஊரை ஸ்கான் என்றும் சொல்லக் கூடாது. ஊர்ப்பெயரிலிருந்துதான் பண்டத்தின் பெயர் வந்தது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை.

இனி ஏன் கல்லாகிறது என்பதற்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

கடையில் சேர்ந்த முதல் வாரம் நான் சுட்ட ஸ்கான்கள் தட்டையாக, கடித்தால் இழுபடும்படி வந்தன. காரணம் என் கை. வீட்டில் சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் மாவு பிசைந்து பழகிய கை, மாவைத் தொட்டதும் தானாக அழுத்திப் பிசைய ஆரம்பித்துவிடும். தலைமைச் சமையல்காரர் அபர்டீன் பக்கத்து அம்மா ஒருவர், அறுபது வயதிருக்கும், ஒரு நாள் பக்கத்தில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து மாவிலிருந்து தூக்கிவிட்டார். "அதைத் தூங்க விடு" என்றார். அன்றைக்குத்தான் புரிந்தது. பரோட்டா மாவை எவ்வளவு அடித்துப் பிசைகிறோமோ அவ்வளவு குளூட்டன், அதாவது மாவை இழுபட வைக்கும் புரதம், வலுப்பட்டு, வீசும்போது கிழியாமல் விரியும். ஸ்கானுக்கு அதற்கு நேர் எதிர் வேண்டும், குளூட்டன் வலுப்படக் கூடாது. மாவு ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் போதும், மேலே சொரசொரப்பாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

அளவு எளிது. மைதா 225 கிராம், மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடர், உப்பு ஒரு சிட்டிகை, சர்க்கரை 25 கிராம், வெண்ணெய் 55 கிராம், பால் 150 மில்லி. இங்கிலாந்துச் சமையல் குறிப்புகளில் தானே உப்பும் மாவு, அதாவது பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மாவைச் சொல்வார்கள். பிரிஸ்டல் நகரில் ஹென்றி ஜோன்ஸ் என்ற பேக்கரிக்காரர் 1845இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1843இல், பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் பேக்கிங் பவுடர் செய்திருந்தார், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக. அதுவரைக்கும் ஸ்கான் என்பது பெரும்பாலும் ஓட்ஸ் மாவிலோ பார்லி மாவிலோ தட்டி, இரும்புக் கல்லில் சுட்டு, நாலாக வெட்டித் தின்ற தட்டை ரொட்டிதான். இன்றைக்கு நாம் படத்தில் பார்க்கிற உயரமான, நடுவில் பிளந்த உருண்டை வடிவத்துக்கு அந்த இரண்டு பேருக்கும்தான் நன்றி சொல்ல வேண்டும்.

வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக, கெட்டியாக இருக்க வேண்டும். சிறு துண்டுகளாக நறுக்கி மாவில் போட்டு, விரல் நுனிகளால் மட்டும் எடுத்து, கட்டைவிரலால் மற்ற விரல்கள் மேல் தேய்த்தபடி உயரத்திலிருந்து கிண்ணத்துக்குள் உதிர்க்க வேண்டும், கோலமாவை விரலிடுக்கில் விடுவது மாதிரி. உள்ளங்கை படக் கூடாது, உள்ளங்கைச் சூட்டில் வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிடும். மூன்று நான்கு நிமிஷத்தில் மாவு மஞ்சள் ஓடி, ரவை மாதிரி உதிரியாகும், அங்கங்கே மிளகு அளவு வெண்ணெய்த் துணுக்கு தெரியும். அந்தத் துணுக்குகளை விட்டுவிடுங்கள். அடுப்பில் அவை உருகி, அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகும்போதுதான் உள்ளே அடுக்கு பிரியும். சென்னை வெயிலில் செய்கிறீர்கள் என்றால் மாவுக் கிண்ணத்தையும் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அப்புறம் நடுவில் குழி செய்து பாலை ஊற்றி, கையால் கலக்காமல் மழுங்கின கத்தியால் நாலைந்து சுற்று. பாலுக்குப் பதில் வெண்ணெய் எடுத்த புளித்த மோர் கெட்டியாக இருந்தால் இன்னும் நல்லது, அதிலிருக்கும் புளிப்பு மாவை மென்மையாக்கும். ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கிராமங்களில் சோடா உப்பும் மோரும் சேர்த்துச் செய்வதுதான் வெகுகால வழக்கம். அப்படிச் செய்தால் பேக்கிங் பவுடரைக் குறைத்து அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர்க்கலாம். மாவு லேசாக ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும், சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வந்துவிட்டால் பால் போதவில்லை என்று அர்த்தம்.

மேடையில் மாவு தூவி, கையால் தட்டியே இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவாருங்கள், உருட்டுக்கட்டை வேண்டாம். நிறையப் பேர் தவறுவது இங்கேதான், ஒரு சென்டிமீட்டருக்குத் தட்டிவிட்டு உப்பும் உப்பும் என்று காத்திருப்பார்கள். தடிமன் இல்லாத ஸ்கான் பிஸ்கட்தான். வெட்டும்போது அச்சை மாவில் தோய்த்து நேராக அழுத்தி நேராக எடுங்கள். திருகினால் ஓரத்து அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் எழும்பி, பைசா கோபுரம் மாதிரி சாயும். மேலே மட்டும் பால் தடவி, 220 டிகிரி சூட்டில் 12 நிமிஷம். அடுப்பு என்று நான் சொல்வது ஓவனை, அது முன்கூட்டியே நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். வீட்டு ஓடிஜி அடுப்பு என்றால் முழுசாக இருபது நிமிஷம் கொடுங்கள். வெந்த ஸ்கானைப் பக்கவாட்டில் பார்த்தால் இடுப்பில் ஒரு வெடிப்பு ஓடியிருக்கும். கத்தி வேண்டாம், அந்த வெடிப்பில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து மெதுவாகப் பிரித்தால் இரண்டாகப் பிளக்கும், உள்ளேயிருந்து ஆவி முகத்தில் அடிக்கும். வெடிப்பு வரவில்லை என்றால் மாவு தடிமன் போதவில்லை, அல்லது அடுப்புச் சூடு போதவில்லை.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன முறையில் முட்டை கிடையாது. ஆனால் கடைகளில் பளபளப்புக்காக மேலே முட்டை தடவுவது சகஜம், மாவிலேயே முட்டை சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஜாமா க்ரீமா என்ற சண்டைக்கு வருகிறேன். டெவனில் க்ரீம் கீழே, ஜாம் மேலே. கார்ன்வாலில் ஜாம் கீழே, க்ரீம் மேலே. வெளியூர்க்காரர்கள் இதை வேடிக்கையாக நினைப்பார்கள், அந்த ஊர்க்காரர்களுக்கு இது உண்மையிலேயே முக்கியம். 2018இல் கார்ன்வாலில் இருக்கும் லான்ஹைட்ராக் என்ற பழைய மாளிகையில் அன்னையர் தின விளம்பரத்துக்கு டெவன் முறையில் ஸ்கான் படம் போட்டுவிட்டார்கள், ஊரே கொதித்து நிர்வாகம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. எங்கள் கடை டெவன் பக்கம் என்பதால் ஜாமும் க்ரீமும் தனித்தனிக் கிண்ணத்தில்தான் வைப்போம், ஆற்றைத் தாண்டி வருபவர்கள் தங்கள் வழக்கப்படி தடவிக்கொள்வார்கள்.

இந்தச் சண்டை புரிய வேண்டுமானால் க்ரீம் எது என்று தெரிய வேண்டும். அடித்து நுரைக்க வைத்த கேக் க்ரீமை இங்கே நினைக்காதீர்கள். இது க்ளாட்டட் க்ரீம், கொழுப்பு குறைந்தது 55 சதவீதம். கொழுப்பு நிறைந்த பாலையோ க்ரீமையோ அகலமான தட்டத்தில் ஊற்றி, கொதிக்க விடாமல் மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் வைத்து, அப்படியே அசைக்காமல் ஆற விட்டால் மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு ஆடை படியும். கரண்டியை அதில் இறக்கினால் முதலில் மெல்லிய பொருக்கு உடையும் சத்தம் கேட்கும், அதன் கீழே வெண்ணெய்க்கும் தயிருக்கும் நடுப்பட்ட ஒரு வெண்மை கட்டிகட்டியாக எழும். வாயில் வைத்தால் காய்ச்சின பாலின் வாசனை, சட்டியோரத்தில் ஒட்டிய பாலாடையைச் சுரண்டித் தின்ற நினைவு வரும். கார்ன்வால் க்ளாட்டட் க்ரீம் என்ற பெயருக்கு 1998இல் புவிசார் பாதுகாப்பே கொடுத்தார்கள்.

இவ்வளவு கெட்டியான க்ரீம் என்பதால்தான் டெவன்காரர்கள் அதை வெண்ணெய் மாதிரி முதலில் பூசி, அதன் மேல் ஜாமை வைக்கிறார்கள். கார்ன்வால்காரர்கள் ஸ்கான் சூடாக இருக்கும், க்ரீமை நேராக வைத்தால் உருகி ஓடிவிடும், ஜாம் நடுவில் இருந்தால் தாங்கும் என்கிறார்கள். ஆறு வருஷம் டெவனில் சம்பளம் வாங்கியும் நான் கார்ன்வால் பக்கம்தான். அடுப்பிலிருந்து வந்து பத்து நிமிஷமான ஸ்கானில் க்ரீமை முதலில் தடவிப் பாருங்கள், எண்ணெயாக உருகி உள்ளே இறங்கிவிடும், அந்தப் பொருக்கும் கட்டியும் வாய்க்கு வராது. ஜாம் முதலில் என்றால் க்ரீம் மேலே குளிர்ச்சியாகவே நிற்கும், கீழே சூடு, நடுவில் இனிப்பும் புளிப்பும். ஆறின ஸ்கான் என்றால் எந்த வரிசையும் ஒன்றுதான். இரண்டு பாதியையும் தனித்தனியாகத் தடவித் தனித்தனியாகச் சாப்பிடுங்கள், மறுபடி மூடி சாண்ட்விச் மாதிரி அழுத்தாதீர்கள், எல்லாம் பக்கவாட்டில் பிதுங்கும். ஜாமில் ஸ்ட்ராபெர்ரிதான் வழக்கம், எனக்குக் கறுப்புத் திராட்சைபோல் இருக்கும் ப்ளாக்கரன்ட் ஜாம், அதன் புளிப்பு க்ரீமின் கொழுப்புக்கு ஈடு கொடுக்கும்.

நம் ஊரில் க்ளாட்டட் க்ரீமுக்கு எங்கே போவது? அட்டைப் பெட்டியில் வரும் 25 சதவீத க்ரீம் இதற்கு உதவாது. நல்ல எருமைப்பால் கிடைத்தால் அகலமான பாத்திரத்தில் மிகச் சிறு தீயில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து மேல் ஆடையை எடுங்கள். அதே ருசி என்று சொல்லமாட்டேன், ஆனால் நுரைத்த க்ரீமைவிட எவ்வளவோ பக்கத்தில் வரும்.

இப்போது எனக்குப் பிடித்த மற்றவை. முதலிடம் சீஸ் ஸ்கானுக்கு, க்ரீம் ஸ்கானைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். சர்க்கரையை எடுத்துவிட்டு, நன்றாக முதிர்ந்த செடார் சீஸ் 100 கிராம் துருவி, ஒரு டீஸ்பூன் கடுகுப் பொடி, ஒரு சிட்டிகை மிளகாய்த் தூள் சேர்த்து அதே முறையில். கடுகுப் பொடியை விட்டுவிடாதீர்கள், காரம் தெரியாது, சீஸின் ருசியைத்தான் தூக்கிவிடும். மேலே கொஞ்சம் சீஸ் தூவிச் சுட்டால் ஓரத்தில் வழிந்து மொறுமொறு என்று ஒட்டியிருக்கும். சூடாகப் பிளந்து உப்பு வெண்ணெய் மட்டும் போதும். மழைநாளில் தக்காளி சூப்போடு இதைச் சாப்பிட்டுவிட்டு எங்கள் கடையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்பவர்கள் நிறைய.

அடுத்தது ஸ்காட்லாந்தின் உருளைக்கிழங்கு ஸ்கான், அங்கே டாட்டி ஸ்கான் என்பார்கள். பெயர்தான் ஸ்கான், உருவத்தில் மெல்லிய ரொட்டி. மசித்த உருளைக்கிழங்கு 250 கிராமுக்கு மாவு 60 கிராம், வெண்ணெய் கொஞ்சம், உப்பு. வட்டமாகத் தட்டி நாலாக வெட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் அதிகம் விடாமல் இரண்டு பக்கமும் பழுப்புப் புள்ளி விழும்வரை. காலையில் முட்டையோடு சாப்பிடுவார்கள். ஓவன் இல்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அதேபோல டிராப் ஸ்கான் என்று ஒன்று, கரைத்து ஊற்றிச் சுடும் சின்ன இனிப்புத் தோசை மாதிரி. 1960 ஜனவரியில் எலிசபெத் ராணி அமெரிக்க அதிபர் ஐசனோவருக்குக் கைப்பட எழுதிய கடிதத்தோடு அனுப்பிய செய்முறை அதுதான், முந்தைய வருஷம் பால்மோரல் மாளிகையில் அவர் விருந்தினராகச் சாப்பிட்டுப் பிடித்துப்போனது. வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் கல்லில் சுடும்போது கொழுப்பு உருகிச் சீழ்க்கை அடிப்பதால் "பாடும் ஹின்னி" என்று பெயர் வைத்த ஒரு வகையும் இருக்கிறது.

ஆஸ்திரேலியாக்காரர்கள் இரண்டு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். ஒன்று பூசணிக்காய் ஸ்கான், குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த செனட்டர் ஃப்ளோ பியெல்கே-பீட்டர்சன் பெயரோடு அது ஒட்டிக்கொண்டுவிட்டது. வேகவைத்து மசித்த பரங்கிக்காயைச் சேர்ப்பதால் நிறம் மஞ்சளாக, மறுநாளும் காயாமல் இருக்கும். இன்னொன்று லெமனேட் ஸ்கான். தானே உப்பும் மாவு மூன்று கப், க்ரீம் ஒரு கப், ஸ்ப்ரைட் மாதிரி தெளிந்த எலுமிச்சை சோடா ஒரு கப். வெண்ணெயைத் தேய்க்கும் வேலையே இல்லை, கலந்து தட்டி வெட்டிச் சுட வேண்டியதுதான். கை பழகாதவர்கள் இதில் ஆரம்பிக்கலாம். அமெரிக்காவில் முக்கோணமாக, சர்க்கரையும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்த்து, மேலே சர்க்கரைப் பாகு ஊற்றி விற்பார்கள். அது நன்றாகவே இருக்கும், ஆனால் அதன் மேல் ஜாமும் க்ரீமும் வைத்தால் திகட்டிவிடும். அதை அப்படியே காபியோடு சாப்பிடுங்கள்.

கார்ன்வாலில் "இடியும் மின்னலும்" என்று சொல்லும் முறை ஒன்று, க்ளாட்டட் க்ரீம் மேல் பாகு ஊற்றுவது. அங்கே ஈஸ்ட் போட்ட சின்ன பன்னில் செய்வார்கள். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பனங்கருப்பட்டியைக் காய்ச்சிப் பாகாக்கி ஸ்கானில் ஊற்றி ஒரு தடவை சாப்பிட்டேன், அதற்கப்புறம் பாட்டில் பாகை வாங்கவில்லை.

குடிப்பதற்கு டீதான், கெட்டியாக, பால் சேர்த்து, சர்க்கரை இல்லாமல். இனிப்பெல்லாம் ஜாமில் இருக்கிறது. நம்மவர்கள் இதை மூலத்துக்குப் பக்கத்திலேயே சாப்பிட வேண்டுமென்றால் ஊட்டி, குன்னூர்ப் பக்கத்துப் பழைய ஹோட்டல்களிலும் நுவரெலியாவின் பழைய ஹோட்டல்களிலும் மாலைத் தேநீரோடு ஸ்கான் தருகிறார்கள். நுவரெலியாவில் உட்கார்ந்து அந்தக் கோப்பையைக் கையில் எடுக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே தெரியும் சரிவுகளில் கூடை சுமந்து அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களில் பெரும்பாலோர் நம் மொழி பேசும் மலையகப் பெண்கள் என்பதை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. டெவன் கடையில் டீப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் அதே நினைவுதான்.

மிஞ்சினால் என்ன செய்வது? மைக்ரோவேவ் வேண்டாம், ரப்பராகிவிடும். 160 டிகிரி அடுப்பில் ஐந்து நிமிஷம் வைத்தால் பாதி உயிர் திரும்பும். இரண்டாவது நாள் என்றால் பிளந்து, தோசைக்கல்லில் வெட்டுப்பக்கம் கீழே படும்படி வைத்து வாட்டி வெண்ணெய் தடவுங்கள், அது தனி ருசி. இன்னும் நல்ல வழி, வெட்டின மாவை வேகவைக்காமலே ஃப்ரீசரில் வைத்துவிடுவது. வேண்டும்போது இரண்டே இரண்டை எடுத்து, கரைய விடாமல் அப்படியே அடுப்பில் வையுங்கள், மூன்று நிமிஷம் மட்டும் கூடுதலாக எடுக்கும். ஒரு ஆள் இருக்கும் வீட்டிலும் தினமும் சூடான ஸ்கான் சாப்பிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை முயற்சி செய்து பாருங்கள், திங்கட்கிழமை ஆபீஸுக்கு எடுத்துப் போகாதீர்கள், அதற்குள் ஆறிவிடும். அந்த இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு அடுப்பிலிருந்து எடுத்த பத்தாவது நிமிஷம் கொடுங்கள். பிறந்து வளர்ந்தது எந்த ஊரில் என்றும் கேளுங்கள். ஸ்கான்காரர் வடக்கிலிருந்து வந்தவர் என்பது என் ஊகம், சரியா என்று கீழே எழுதுங்கள். இடுப்பு வெடிப்பு வரவில்லை என்றால் ஒரு படமும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.